கன்னி நாய்க்குக் கையால் போட்ட எடை

போன மாதம், நான் வேலை பார்த்த கால்நடை மருந்தகத்தில் புதிதாக ஓர் எடை மேடை வந்து இறங்கியிருக்கிறது. தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆட்டை அதன்மேல் நடத்திக்கொண்டு போனால் போதும், சுவரில் சிவப்பு எழுத்தில் எடை வந்துவிடுகிறது. "யக்கா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகள் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். போனேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நானே ஏறி நின்று பார்த்தேன். என் எடையை இங்கே சொல்வதாக இல்லை.

"உங்க காலத்துல இது இல்லாம எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கையாலதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. வேலையில் எத்தனையோ கன்று இழுத்திருக்கிறேன், எத்தனையோ மாட்டிடம் உதை வாங்கியிருக்கிறேன். அதில் பாதி மறந்துபோயிற்று. ஒரு நாயின் எடை மட்டும் சாகும்வரை மறக்காது. பதினெட்டே முக்கால் கிலோ. அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சகாயமேரி. எங்கள் அப்பா ஆட்டு வியாபாரி. வாரம் தவறாமல் அய்யலூர்ச் சந்தைக்குப் போவார். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஆடு வாங்குகிறவர்கள் ஆட்டின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். விலா முடிந்து இடுப்பு தொடங்குகிற இடத்தில், முதுகின் மேல், கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாக ஒரு பிடி பிடிப்பார்கள். அங்கே சதை கையை நிறைத்தால் ஆடு கனம், எலும்பு தட்டுப்பட்டால் காய்ந்த ஆடு. உயிரோடு எத்தனை, உரித்தால் எத்தனை என்று அந்த ஒரு பிடியிலேயே அப்பா சொல்லிவிடுவார். பத்தாம் வகுப்பு முடிக்கிறதுக்குள் என் கைக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. அரைக் கிலோ முன்னே பின்னே போகும், அவ்வளவுதான்.

கல்யாணம் முடிந்த ஐந்தாம் வருஷம் என் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கால்நடைத் துறையில் டிரைவராக இருந்தவர். கையில் ஒரு பெண் குழந்தை. கருணை அடிப்படையில் எனக்குப் பராமரிப்பு உதவியாளர் வேலை கொடுத்தார்கள். பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக்கு மூக்கைப் பிடிப்பது, ஊசி கொதிக்க வைப்பது, மருந்து கலக்குவது, தடுப்பூசி முகாமில் உதை படாமல் நிற்பது. உதை பட்டுத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். பல ஊர் மாற்றிப் போட்டுக் கடைசியில் ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வந்து நின்றேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

அங்கே எனக்கு மேலே டாக்டர் தங்கவேல். ஒட்டன்சத்திரத்துக்காரர். மாட்டைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "ஏனுங்க, கால் கொஞ்சம் நகத்துங்க" என்று பசுவிடம் சொல்வார், அதுவும் நகர்த்தும். நான் மூச்சு முட்டத் தள்ளினால் நகராது. முப்பது பேர் ஆட்டோடும் கோழியோடும் காத்துக்கிடந்தாலும் அவருக்கு வேகம் கூடாது. கோபம் வந்தால் கத்த மாட்டார். குழாயடிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய கையை இன்னொரு தரம் சோப்புப் போட்டுக் கழுவுவார். அவர் இரண்டாம் தரம் கை கழுவினால் நான் மருந்து அலமாரிப் பக்கம் ஒதுங்கிவிடுவேன்.

மயக்க மருந்து கொடுக்கிற நாளில் மூன்று கேள்வி கேட்பார். கடைசியாக எப்போது தின்றது, யார் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள், எடை எத்தனை. பதில் வருகிறவரைக்கும் மருந்துப் புட்டியின் மூடியைத் தொட மாட்டார். சொன்னதைத் தானும் ஒரு தரம் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார். எங்கள் மருந்தகத்து எடை மெஷின் முள் ஒட்டிக்கொண்டு வருஷக் கணக்காகத் தூங்கியது. அதனால் எதிர்த்தாற்போல் இருந்த உரக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், மூட்டை நிறுக்கிற மேடையில் வைத்து எடை பார்த்து வருவது வழக்கம். ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதென்றால் மட்டும் "மேரியம்மா, இது எத்தனைங்க?" என்பார். நான் முதுகைப் பிடித்துப் பார்த்துப் பதினாறு என்பேன். ஆரம்பத்தில் நாலைந்து தரம் மேடையில் வைத்துச் சோதித்தார். ஒரு தரம்கூடப் பிசகவில்லை. அதிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஊரில் எனக்குத் தராசு மேரி என்று பட்டப்பெயர். அதைக் கேட்க எனக்குப் பிடித்தும் இருந்தது.

அப்படி இருக்கையில்தான் செல்வி தன் நாயைத் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊரில் செவ்வந்தித் தோட்டம் வைத்திருக்கிற முருகேசனுக்கு வாக்கப்பட்டு வந்தவள். நாய் பெயர் சிட்டு. கன்னி என்று அவர்கள் பக்கத்தில் சொல்கிற வேட்டை நாய்ச் சாதி. கருகருவென்று, இரண்டு கண்ணுக்கு மேலும் செம்மண் பொட்டு வைத்தாற்போல் நிறம். உயரமென்றால் என் இடுப்புக்கு. ஆனால் விலா எலும்பை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வயிற்றைக் காணோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, சோறு போடுறியா இல்லையா? இப்படிக் காயப்போட்டு வச்சிருக்கியே, பாவம்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைல கம்மங்கூழும் மோரும், சாயங்காலம் கேப்பைக்களியும் முட்டையும் திங்குதுக்கா. கன்னி நாய்க்குச் சதை போடக் கூடாது. போட்டா ஓட்டம் போயிரும். நம்மளப் போல உக்காந்து திங்கிற சாதியா அது?" என்றாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் எழுந்து வந்து நாயைத் தொட்டுப் பார்த்தார். "அந்தம்மா சொல்றதுதான் சரிங்க. பின்னால மூணு விலா தெரியணும். தொடையையும் இடுப்பையும் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். முறுக்கின கயிறு போல் இறுகியிருந்தது. பிறகு நெஞ்சுக்குழாயை என் காதில் மாட்டினார். கூடத்தில் அத்தனை ஆடு கத்துகிறது, அந்த நாயின் இதயம் அவசரமில்லாமல், பெரிதாக, விட்டு விட்டு அடிக்கிறது. மற்ற நாயாக இருந்தால் இந்தத் துடிப்புக்குப் பயந்து மருந்து கொடுத்திருப்போம் என்றார்.

அன்றைக்குச் செல்வி நிறையப் பேசினாள். இந்த நாய்க்கு மூக்கைவிடக் கண்தான் பெரிது, தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், பாய்ந்துவிடும். தின்ற உடனே ஓட விடக்கூடாது. சங்கிலியில் கட்டிப்போட்டால் மனசு ஒடிந்துபோகும். தோல் வெற்றிலை மாதிரி மெல்லிசு, சிமெண்டுத் தரையில் படுத்தால் முட்டியில் புண் வைக்கும், சாக்கு விரிக்க வேண்டும், மார்கழியில் போர்வையே வேண்டும். வேறு யார் கையிலும் தின்னாது. நான் ஒரு பிஸ்கட்டை நீட்டினேன். சிட்டு அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எங்க ஊர்ல இதைக் காசுக்குக் குடுக்க மாட்டாகக்கா. பொண்ணு கட்டிக் குடுக்கையில கூட அனுப்புவாக. எங்கப்பா எனக்குப் பீரோ வாங்கித் தரல, இவளத்தான் தந்தாரு. மறுவருசமே அவரும் போய்ட்டாரு" என்றாள். மாமியார் வீட்டில் "நாயைச் சீராக் கொண்டாந்தவ" என்று நாலு வருஷமாகக் குத்திக்காட்டுகிறார்களாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆறு ஏழு மாதம் கழித்து, ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பூச்சுமை ஏற்றுகிற லோடு ஆட்டோ வேகமாக வந்து நின்றது. முருகேசன் முன்னால் குதித்தான். பின்னால் செல்வி மடியில் சிட்டு. தோட்டத்தில் கீரி ஒன்று ஓடியிருக்கிறது. சிட்டு அதைத்தான் பார்த்தது, நடுவில் இருந்த முள்கம்பி வேலியைப் பார்க்கவில்லை. கம்பி கிழித்து, அந்த வேகத்திலேயே கல்தூணிலும் மோதியிருக்கிறது. விலாவிலிருந்து தொடை வரைக்கும் தோல் கிழிந்து சேலைத் தலைப்பு போல் தொங்கியது. அது ஒரு சத்தம் போடவில்லை. செல்விதான் அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் புண்ணைப் பார்த்தார். மயக்கம் கொடுத்துத்தான் தைக்க வேண்டும் என்றார். கேள்வியை ஆரம்பித்தார். நேற்று சாயங்காலத்துக்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை, காலைக் கூழ் வைப்பதற்கு முன்னாலேயே கீரி பின்னால் ஓடிவிட்டது. பிடித்துக்கொள்ளச் செல்வி இருக்கிறாள்.

"எடை எத்தனைங்க, மேரியம்மா? பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தையல் கருவி எடுக்க உள்ளே போனார்.

உரக்கடையைத் திரும்பிப் பார்த்தேன். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எடை மேடை மேலேயே பத்து மூட்டை அடுக்கியிருந்தது. அதை இறக்கச் சொல்லி, நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? ரத்தம் வேறு சொட்டுகிறது. இதெல்லாம் பிற்பாடு நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். உள்ளதைச் சொன்னால், என் கை என்னை முந்திக்கொண்டது. சிட்டுவின் இடுப்புக்கு மேலே, ஆட்டைப் பிடிக்கிற மாதிரி ஒரு பிடி பிடித்தேன். கை நிறையச் சதை. நல்ல கிடாய்க்குத்தான் அப்படி நிறையும்.

டாக்டர் திரும்பி வந்ததும் "இருபத்தேழு" என்றேன். 'இருக்கும்' என்றுகூடச் சேர்க்கவில்லை.

"இருபத்தேழு" என்று அவரும் சொல்லி எழுதினார். இந்தச் சாதி நாய்க்கு மயக்கம் சீக்கிரம் ஏறும், கொஞ்சம் குறைத்தே போடலாம் என்று குறைத்துத்தான் எடுத்தார். எதிலிருந்து குறைத்தார்? நான் சொன்ன இருபத்தேழிலிருந்து.

முதலில் தொடைச் சதையில் ஓர் ஊசி. நாய் அடங்கின பிறகு முன்னங்கால் நரம்பில் இன்னொன்று. மஞ்சள் நிறத் தூளைக் கரைத்துச் செய்கிற மயக்க மருந்து, லேசாகப் பூண்டு வாடை அடிக்கும். நாக்கை வெளியே இழுத்துவிட்டேன். கண் காயாமல் இருக்கக் களிம்பு தடவினேன். டாக்டர் அடியில் சதைக்கு ஒரு வரிசை, மேலே தோலுக்கு ஒரு வரிசை என்று தைத்தார். அந்தத் தோலில் ஊசி போவது பட்டுத் துணியில் போவது போலத்தான். இழுத்தால் கிழியும். ஒன்றரை மணி நேரம் தைத்தார். அருமையான தையல். முடிந்தபோது மணி பன்னிரண்டு.

அரை மணியில் கண் விழிக்க வேண்டும். விழிக்கவில்லை. ஒரு மணி ஆயிற்று. கண்ணிமையைத் தொட்டால் இமை துடிக்க வேண்டும், துடிக்கவில்லை. காலை மடக்கினால் இழுத்துக்கொள்ள வேண்டும், துணி மாதிரி கிடக்கிறது. உடம்புச் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் துண்டு சுற்றி அக்குளில் வைத்தேன். ஒன்றரை மணிக்கு டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். வெளுத்திருந்தது.

அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மருந்து அளவாத்தான் போட்டேன். இவ்வளவு நேரம் ஆகாதுங்களே" என்று தனக்குத்தானே பேசினார். பிறகு வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "கல்தூண்ல மோதிச்சுன்னு சொன்னாங்கல்ல. உள்ளுக்குள்ள ரத்தம் கசியுதோ என்னமோ. திறந்து பார்த்தாத்தானுங்க தெரியும். கருவியெல்லாம் கொதிக்க வைங்க, மேரியம்மா."

இந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் சிட்டு மேசையை விட்டு இறங்காது. அவர் தேடுகிற காரணம் வயிற்றுக்குள் இல்லை, என் நாக்கில் இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும்? எடை போடாமலே போட்டதாகச் சொன்னதற்கு மெமோ வரும், வேலைக்கே வேட்டு வைத்தாலும் வைக்கும். மகள் அப்போது சின்னாளப்பட்டியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்பு வரைக்கும் போனேன். தீக்குச்சியைக் கிழித்தேன். அடுப்பைப் பற்ற வைக்காமலே ஊதி அணைத்தேன். மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்பி வந்தேன்.

"சார், திறக்காதீங்க. நான் எடை போடல."

அவர் நிமிர்ந்தார். "சொல்லுங்க."

"உரக்கடைக்குப் போகல. முதுகப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் சொன்னேன். ஆட்டுக்குப் பாக்குற மாதிரி."

குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். எனக்கு அது ஒரு யுகம் மாதிரி இருந்தது. திரும்பி வந்து, "தூக்குங்க" என்றார்.

தலைப் பக்கம் அவர், பின்பக்கம் நான், பக்கத்தில் செல்வி. பட்டப்பகலில் தெருவைக் கடந்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். "என்னாச்சு, செத்துப்போச்சா?" என்று ஒருவர் கேட்டார். உரக்கடைக்காரர் ஆளைக் கூப்பிட்டு மூட்டையை எல்லாம் இறக்கச் சொன்னார். மேடையைத் துடைத்தார். சாக்கு விரித்து, சாக்கு எடையைக் கழித்து, முள்ளை நேராக்கிவிட்டு, "வைங்க" என்றார்.

மூட்டை எடையைக் கூவிச் சொல்லிப் பழகிய மனுஷன். அதே குரலில் சொன்னார்: "பதினெட்டு எழுநூத்தம்பது."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இருவத்தேழுன்னுதான சொன்னீக?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. தராசு மேரியின் தராசு சந்தி சிரித்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டுக்கு இடுப்பில் சதை நிறைந்தால், வயிறு, நெஞ்சு, கழுத்து எல்லா இடத்திலும் அதே கணக்கில் நிறைந்திருக்கும். இந்த நாய்க்கு இருக்கிற சதை முழுக்க அந்த இடுப்பிலும் தொடையிலும்தான், ஓடுவதற்கு. வேறெங்கும் கிடையாது. நான் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு மீதி நாயையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார். போட்டு முடித்ததும் அவர் தோள் இரண்டும் இறங்கின. பெரிதாக மூச்சு விட்டார். "ஒன்றரைப் பங்கு போயிருக்குதுங்க. அப்ப வயித்துல ஒண்ணுமில்ல, மருந்துதான். மத்த நாய்க்குன்னா மருந்து கொழுப்புல போயி ஒதுங்கிக்கும், சீக்கிரம் தெளியும். இதுக்கு ஒதுங்கக் கொழுப்பே கிடையாதுங்களே, ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கும். மெதுவாத்தான் இறங்கும். அதுவரைக்கும் சூடு இறங்காம, மூச்சு நிக்காமப் பாத்துக்கிட்டாப் போதுமுங்க."

எனக்குப் பாதி உயிர் அங்கேயே திரும்பி வந்தது. மீதிப் பாதி சிட்டுவிடம் இருந்தது.

மறுபடி மருந்தகம். குளுக்கோஸ் பாட்டிலை வெந்நீர்ச் சட்டியில் வைத்து, வெதுவெதுப்பாக ஏற்றினோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அக்குளில் வைத்த வெந்நீர்ப் பாட்டிலை மாற்றினேன். தையல் பக்கம் அடியில் போகாமல், கால் மணிக்கு ஒரு தரம் தலையையும் முன்னங்காலையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். முதல் தரம் நான் கை வைத்தபோது செல்வி தட்டிவிட்டாள்.

"நீங்க விடுங்கக்கா. உங்க கை பாத்த வரைக்கும் போதும்."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? சுவரோரம் போய் உட்கார்ந்து, அங்கிருந்தே விலா ஏறி இறங்குவதை எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஆறு. பிறகு ஏழு. இடையில் ஒரு தரம் வெகுநேரம் ஏறவே இல்லை. நான் பாய்ந்து போய் நெஞ்சைத் தேய்த்தேன், செல்வி தடுக்கவில்லை. மூச்சு வந்தது. அதற்குப் பிறகு அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இருந்து தேய்த்தோம். நான் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று முருகேசன் டீ வாங்கி வந்து கொடுத்தான். எனக்கு அதை வாங்கக் கூச்சமாக இருந்தது.

மூன்றரை மணிக்கு இமை துடித்தது. அப்புறம் கண் பாதி திறந்தது. ஆனால் பார்வை இல்லை, மேலே வெறித்தது. டாக்டர் கை தட்டினார். நான் "சிட்டு, சிட்டு" என்று காதருகே கத்தினேன். ஓர் அசைவும் இல்லை.

"கத்தி ஒண்ணும் ஆகாதுக்கா. இவ நல்லா இருக்கையிலயே கூப்ட்டா வர மாட்டா. கண்ணுக்கு ஏதாச்சும் தெரியணும். இந்தச் சொவத்தப் பாத்து என்னத்துக்கு முழிப்பா?" என்றாள் செல்வி.

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சாக்கோடு தூக்கி வெளித் தாழ்வாரத்தில், மைதானத்தைப் பார்த்தாற்போல் கிடத்தினோம். மாடு கட்டுகிற வேப்ப மரம், அந்தப் பக்கம் பொட்டல். வெயில் சாய்ந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து ஓர் ஆடு இல்லை, ஒரு கோழி இல்லை. சற்று நேரம் கழித்துக் காற்றடித்தது. யாரோ போட்ட ஒரு வெள்ளைக் கேரி பேக், உப்பிக்கொண்டு, பொட்டலில் உருண்டு உருண்டு போயிற்று.

சிட்டுவின் கண்மணி நகர்ந்தது. பை போகிற பக்கமே போயிற்று. பை நின்றது, கண்ணும் நின்றது. மறுபடி காற்று, மறுபடி பை, மறுபடி கண். முன்னங்கால் விரல் நாலும் ஓடுகிற மாதிரி சாக்கைப் பிராண்டின.

"பாக்குறா. பாக்குறாக்கா" என்று செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். சற்று முன்னால் தட்டிவிட்ட அதே கைதான். நான் உட்கார்ந்த இடத்திலேயே ஓவென்று அழுதேன். வெட்கமே படவில்லை. எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன், தலைகீழாய்க் கிடந்த கன்றை முழங்கை வரை கை விட்டு இழுத்திருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி ஒரு நிம்மதி எனக்கு வந்ததில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிளாஸ்டிக் பை கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கறோம். இன்னிக்கு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றார்.

ஐந்து மணிக்குத் தலையைத் தூக்கியது. ஐந்தரைக்கு எழுந்து, பிறந்த கன்றுக்குட்டி மாதிரி நாலு காலும் நாலு திசையில் போக, ஆடி ஆடி நின்றது. செல்வி சேலைத் தலைப்பை அதன்மேல் போர்த்தினாள். போகும்போது என் பக்கம் திரும்பினாள். "வீட்டுக்குப் போயிச் சாப்டுங்கக்கா, மொகமெல்லாம் செத்துப்போச்சு" என்றாள்.

நிம்மதி அன்றைய பொழுதோடு சரி. மறுநாளிலிருந்து மெமோ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வழக்கம் போல இருந்தார். வழக்கம் போல 'ங்க' போட்டார். கேஸ் நோட்டில் அன்றைய விவரத்தை அவரே எழுதியிருந்தார். தினமும் அந்த நோட்டைத் திறந்து வேறு மாடு, வேறு ஆடு என்று எழுதுகிறேன், அந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டுகிற தைரியம் எனக்கு இல்லை.

பத்தாம் நாள் சிட்டு தையல் பிரிக்க வந்தது. செல்வி பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஒவ்வொன்றாக வெட்டினார். நான் இடுக்கியால் நூலை எடுத்தேன். தோல் அழகாகக் கூடியிருந்தது. நாய் என்னை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தெருவைப் பார்க்கத் தொடங்கியது.

"அந்தப் பக்கத்த எடுங்க, மேரியம்மா. தையல் பிரிச்சத எழுதிரலாம்."

வேறு வழியில்லாமல் புரட்டினேன். அவர் கையெழுத்தில் மூன்று வரி. 'எடை 18.75. எடை 27 என்று கொண்டு மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. எடையைச் சரிபார்க்காமல் ஊசி போட்டது நான்.' கீழே கையொப்பம். என் பெயர் எங்கேயும் இல்லை. மேலும் கீழும் தேடினேன், இல்லை.

"சார், இது உங்க தப்பு இல்லையே. சொன்னது நான்தான?"

"சொன்னது நீங்க. ஊசி யாரு கையில இருந்துச்சுங்க?"

பத்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் ஒரே நொடியில் இறங்கிற்று. இறங்கின இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. என் வேலை பத்திரம், என் பிள்ளை படிப்பு பத்திரம். அதற்காக இந்த மனுஷன் தன் பேரைக் கொடுத்திருக்கிறார். செல்வி பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"பேனாவைக் குடுங்க சார்" என்றேன். கொடுத்தார். அவர் கையொப்பத்துக்குக் கீழே, கோழி கிளறின மாதிரி இருக்கிற என் எழுத்தில் எழுதினேன்: 'எடை போடாமல் கையால் பார்த்துச் சொன்னது நான். சகாயமேரி.'

டாக்டர் அதைப் படித்தார். என் வரியை அடித்துவிடவில்லை. நோட்டைத் தன் பக்கம் திருப்பி, பக்கத்தின் அடியில் மீதி இருந்த ஒரு வரி இடத்தில், 'தையல் பிரிக்கப்பட்டது. நாய் நலம்' என்று எழுதினார்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "நாய்னு போடாதீக சார். ரெண்டு பேரும் உங்க பேரப் போட்ருக்கீகள்ல, அவ பேரையும் போடுங்க."

டாக்டர் 'நாய்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் மேலே 'சிட்டு' என்று எழுதினார்.